ருசி பேசாத மேசை

ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் வாயாடி எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் பல் டாக்டரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? போன மாதம் உங்களைப் பார்த்துவிட்டு வந்த அம்மா, நீங்கள் இன்னும் மெலிந்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா வழக்கம்போல "அக்கா எப்பவும் ஒல்லிதான்" என்று சொல்லிவிட்டுக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய்விட்டார்.

நாங்கள் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். கூடம் பெரியது. பத்துப் பேர் வசதியாக உட்காரும் மேசை ஒன்று பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஒரு கால் மட்டும் ஆடுகிறது, அதற்கு அட்டை மடித்து வைத்திருக்கிறேன். அந்த மேசையைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. வருஷக் கடைசி விடுமுறை விருந்தை இந்தத் தடவை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன?

உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவளின் அத்தை, நான்காவது மாடிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாள் என்றால் எனக்குத்தான் வெட்கம். அதோடு தம்பி இப்போது இறைச்சியை விட்டுவிட்டான். அவனுக்குத் தனியாகச் சமைக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று சமைத்துக்கொண்டு வந்தால் நீங்கள் இரண்டு நாள் அடுப்படியில் நிற்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபப்படாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூலை 22

வாயாடிக்கு அத்தையின் அன்பு.

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. டாக்டரைக் கேட்டதாகச் சொல். நான் மெலிந்தேன் என்று சொல்ல உன் அம்மாவுக்கு எத்தனை வருஷமாக ஆசையோ, சொல்லிவிட்டுப் போகட்டும்.

உன் யோசனைக்குப் பதில்: முடியாது.

காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், உன் டாக்டருக்குப் படித்துக் காட்டு. அவர் போன வருஷம்தான் முதல் தடவையாக நம் விருந்துக்கு வந்தார், பாவம், ஒன்றும் தெரியாது. என் அப்பா காலத்தில் இருந்து வருஷக் கடைசி விருந்து ஒரே மாதிரிதான். முதலில் ஈரல் சூப். பிறகு முழுக் கோழி வறுவல், உருளைக்கிழங்கு, கடைசியில் இனிப்பு ரொட்டி. சூப் எல்லோரும் இரண்டு கிண்ணம் குடிக்க வேண்டும். மேசையில் உப்பு டப்பா வைக்கக் கூடாது. சாப்பாட்டைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசக் கூடாது.

இந்தக் கடைசி விதி சும்மா வந்ததில்லை. என் பெரியப்பாவும் சித்தப்பாவும், அதாவது உன் சின்னத் தாத்தாவும், ஒரு விருந்தில் சூப்பில் உப்பு கூடவா குறைவா என்று பேசத் தொடங்கி, ஒருவர் கல்யாணத்துக்கு மற்றவர் போகாத அளவுக்கு வந்துவிட்டது. அப்போது அப்பா போட்ட விதி அது. அதற்குப் பிறகு நம் வீட்டில் சாப்பாட்டுச் சண்டை கிடையாது. மற்ற சண்டை எல்லாம் உண்டு.

இறைச்சி வேண்டாம் என்றால் உன் தம்பி உருளைக்கிழங்கு சாப்பிடட்டும். நீ பெரிய வீடு வாங்கினாய் என்பதற்காக விருந்து இடம் மாறாது. நீ தலைகீழாக நின்றாலும் மாறாது.

போனில் கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரி டெலிபோன் மேசையில் பகல் முழுக்கப் போன் எடுக்கிறவள் வீட்டுக்கு வந்தும் எடுப்பாளா? எதுவானாலும் எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


ஆகஸ்ட் 3

அன்புள்ள அத்தை,

கடிதம் வந்தது. டாக்டருக்குப் படித்துக் காட்டினேன். அவர் அதை வாங்கி இன்னொரு தடவை படித்தார். பிறகு, "உங்க அத்தை ரொம்பத் தைரியமானவங்க" என்றார். அவர் கிளினிக்கில் இப்போது கூட்டம். எனக்கு ஒரு பழைய கடைத்தெருக் கட்டடத்தில் வேலை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். உங்களுக்கு உடம்பு எப்படி?

நீங்கள் கோபமாக எழுதினாலும் நான் விடுவதாக இல்லை. உங்கள் சமையலில் குறை என்று நான் சொன்னேனா? சொல்லவே இல்லை. நான் சொன்னது படிக்கட்டைப் பற்றி.

அப்பாவிடமும் பேசிவிட்டேன். அவர் காய்கறி வறுவல் செய்கிறாராம். அம்மா கோழி. நான் ஒரு சூப் வைக்கிறேன், தம்பியும் குடிக்கிற மாதிரி. இனிப்பைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சின்னத் தாத்தாவை டாக்டர் காரில் கூட்டி வந்துவிடுவார்.

நீங்கள் எதுவும் சமைக்கவே வேண்டாம் அத்தை. வரும்போது கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு வாருங்கள், போதும். ஒரு வருஷமாவது உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

எல்லோருடைய அன்போடும்,
வாயாடி


செப்டம்பர் 20

வாயாடிக்கு,

எனக்குச் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஒரே வார்த்தையில் வந்து நின்றேன். பழம்.

கடைக்குப் போய், காசு கொடுத்து, ஒரு பை நிறையப் பழம் வாங்கி வரச் சொல்கிறாய். வழியில் பார்த்த யாரும் வாங்கி வரலாம். பக்கத்து வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர், யாரும். மற்ற எல்லோரும் அடுப்பு மூட்டுவார்கள். நான் பழக்காரி.

அந்த ஒரு நாள் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உன் மாமா காலமான பிறகு நான் சமைத்துப் போட வீட்டில் ஆள் இல்லை. வருஷம் பூராவும் நான் ஒரு குரல். எலும்புப் பிரிவு வேண்டுமா, பிரசவப் பிரிவு வேண்டுமா என்று கேட்கிற குரல். முகம் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாள் மட்டும் நீங்கள் எல்லோரும் நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். நான் போடுகிறேன், நீங்கள் சாப்பிடுகிறீர்கள். அதையும் எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்?

உண்மையைச் சொல். என் கையில் என்ன குறை கண்டாய்? வேண்டாம், சொல்லாதே. விதி விதிதான்.

மனசு சரியில்லை. போன வாரம் பால் சட்டி அடிப்பிடித்துக் கரியாகி, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் பார்த்தேன். நான் அடுப்படியிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அந்த அளவுக்கு உன்னைப் பற்றிய யோசனை.

அத்தை


செப்டம்பர் 29

அன்புள்ள அத்தை,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார்.

பழம் என்று எழுதியது என் புத்திகெட்டத்தனம். உங்களை ஒதுக்க நினைத்து எழுதவில்லை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எழுதிவிட்டேன். இப்போதும் தெரியவில்லை. விருந்துப் பேச்சைக் கொஞ்ச நாள் அப்படியே வைப்போம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தகர டப்பா வருகிறது. நானே செய்த பிஸ்கட். முதல் தடவை. நேற்று ராத்திரி செய்து, ஆறுகிறதுக்குள் பாதியை உங்களுக்குக் கட்டிவிட்டேன், மீதியை டாக்டருக்குத் தெரியாமல் அலமாரி மேல் ஒளித்துவிட்டேன். பல் டாக்டர் வீட்டில் இனிப்புக்கு அந்த நிலைமைதான். நான்கூட இன்னும் வாயில் வைக்கவில்லை, முதலில் நீங்கள் சாப்பிட வேண்டும் என்று.

இது விருந்து மேசை இல்லை, விதி கிடையாது. எப்படி இருந்தது என்று தாட்சண்யம் பார்க்காமல் எழுதுங்கள். நீங்கள் எப்போதும் அப்படித்தானே சொல்வீர்கள். பால் அடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் கவனமாக இருங்கள்.

வாயாடி


அக்டோபர் 8

வாயாடிக்கு அன்பு. உன் உடம்பும் டாக்டர் உடம்பும் தேவலைதானே.

டப்பா வந்தது. ஒரு பிஸ்கட்கூட உடையவில்லை, நன்றாகக் கட்டியிருக்கிறாய். என் தீர்ப்பைக் கேட்டாய், சொல்கிறேன். ஓரம் மொறுமொறுவென்று இருக்கிறது, நடுவில் மெத்தென்று விடுகிறது. வெண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தது. இனிப்பு அளவு. உன் அம்மா செய்வது ஒன்றுக்கு மேல் திகட்டும், இது திகட்டவில்லை. சாயங்காலம் டீயோடு இரண்டு சாப்பிட்டேன், மறுநாள் இரண்டு. வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

ஆக, உனக்குக் கை வந்துவிட்டது. நம் குடும்பத்தில் உன் தலைமுறையில் ஒருத்திக்காவது வந்ததே என்று சந்தோஷம். நான் நினைத்தேன், நீங்கள் எல்லாம் டப்பாவைப் பிரித்துச் சூடு பண்ணிச் சாப்பிடுகிற ஆட்கள் என்று.

அதனால் கோபம் தணிந்துவிட்டது. ஆனால் விருந்து என் வீட்டில்தான். நீ வேண்டுமானால் இந்தப் பிஸ்கட் செய்துகொண்டு வா.

அத்தை


அக்டோபர் 13

அன்புள்ள அத்தை,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதம் வந்த அன்று சந்தோஷத்தில் அலமாரி மேலிருந்து மீதி பிஸ்கட்டை எடுத்தேன். டாக்டர் ஒன்றை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் கை கழுவும் இடத்துக்கு ஓடினார். நானும் கடித்துப் பார்த்தேன். அத்தை, அது முழுக்க உப்பு. புது வீட்டுக்குச் சாமான் அடுக்கும்போது சர்க்கரை ஜாடியில் டாக்டர் உப்பைக் கொட்டி வைத்திருக்கிறார். இரண்டும் வெள்ளைதானே என்கிறார். எங்கள் வீட்டில் சர்க்கரையைத் தொடுகிறவர் இல்லை, அதனால் இத்தனை மாதமாகத் தெரியவில்லை.

அந்தப் பிஸ்கட்டை நீங்கள் டீயோடு சாப்பிட்டிருக்கிறீர்கள். மறுநாளும் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

எனக்காகப் பொய் சொல்கிற ஆள் இல்லை நீங்கள். என் கல்யாணக் கேக்கை எல்லோர் முன்னாலும் "ரப்பர் மாதிரி இருக்கு" என்று சொன்னவர். அப்படியென்றால் உங்களுக்குத் தெரியவில்லை. பால் தீய்ந்ததும் தெரியவில்லை.

இனி நான் மூடி வைத்ததையும் சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷ விருந்தில் சூப்பை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. போன வருஷம் உப்பே இல்லை, அடியும் பிடித்திருந்தது. இனிப்பு ரொட்டியில் இனிப்பு இல்லை. எல்லோரும் இரண்டு கிண்ணம் குடித்தோம். யாரும் பேசவில்லை. வீட்டுக்குப் போகும்போது டாக்டர் காரில் மெதுவாகக் கேட்டார், "இது உங்க வீட்ல விருந்தா, இல்ல எனக்கு வச்ச பரீட்சையா?" அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அதோடு சரி. அதனால்தான் புது மேசை, லிஃப்ட், படிக்கட்டு என்று கதை கட்டினேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை வாயாடி என்று கூப்பிடுகிறீர்கள்.

அத்தை, இது எப்போதிலிருந்து?

வாயாடி


நவம்பர் 10

அன்புள்ள அத்தை,

சுகமாக இருக்கிறீர்களா? ஒரு வரி எழுதினாலும் போதும்.

போன வாரம் ஆஸ்பத்திரி எண்ணுக்கே போன் செய்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். "வணக்கம், எந்தப் பிரிவு வேணும்?" என்றீர்கள். உங்கள் குரல் நன்றாக, தெளிவாக இருந்தது. எந்தப் பிரிவு என்று சொல்ல எனக்கு வரவில்லை. வைத்துவிட்டேன்.

நான் எழுதியது தப்பு என்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வாயாடி


நவம்பர் 24

வாயாடிக்கு அத்தையின் அன்பு.

நீ வைத்த பிறகு நான் மூன்று பேருக்குத் தப்பான பிரிவைக் கொடுத்தேன். மூச்சு விடுகிற சத்தத்திலேயே நீ என்று தெரிந்தது. மேலதிகாரி வந்து "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

உன் கேள்விக்குப் பதில். முந்தின வருஷம் குளிர் காலத்தில், விருந்துக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சல் போயிற்று, வாசனையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. ருசி பாதிக்கு மேல் அதோடு போய்விட்டது. சூடு தெரியும், குளிர் தெரியும், மொறுமொறுப்பு தெரியும். உப்பா சர்க்கரையா என்று கேட்டால் தெரியாது. மூக்குக்கு மேல் கோபம் மட்டும் பழையபடி வருகிறது, மூக்குத்தான் வேலை செய்யவில்லை.

காது மூக்குத் தொண்டைப் பிரிவு எனக்கு இரண்டு மாடிக்கு மேலே. ஊரில் உள்ளவர்களை எல்லாம் அங்கே அனுப்புகிற நான் அங்கே போக ஆறு மாதம் ஆயிற்று. அந்தப் பிரிவு டாக்டர் பரிசோதித்துவிட்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ருசி தெரியாதவளைச் சமைக்க யார் விடுவார்கள்? கை அளவு பழகினதுதானே, மனசில் இருக்கிறதே, அதை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வருஷம் எல்லோரும் இரண்டு கிண்ணம் குடித்தீர்கள். அடடா, கை அளவு தப்பவே இல்லை என்று எனக்குப் பெருமை. போன வருஷமும் அப்படியே. நீங்கள் பேசாமல் குடித்ததுதான் என்னைக் கெடுத்தது. உன் மேல், உன் அப்பா மேல், எல்லோர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு மாதம் அந்த ஆத்திரத்திலேயே இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தக் கண்றாவியை எனக்காக இரண்டு கிண்ணம் குடித்திருக்கிறீர்கள். உன் டாக்டர்கூட. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது முடிவைக் கேள். விருந்து உன் வீட்டில், உன் ஆடுகிற மேசையில். ஆனால் நான் பழம் கொண்டு வர மாட்டேன். சூப்பை நான்தான் வைப்பேன். நீ பக்கத்தில் கரண்டியோடு நின்று ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். உன் நாக்கு, என் கை. இன்னொன்று, அந்த விதியை நான் எடுத்துவிடப் போகிறேன். இனி மேசையில் எல்லோரும் வாயைத் திறந்து பேச வேண்டும். சின்னத் தாத்தா ஒப்புக்கொள்ள மாட்டார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு. சர்க்கரை ஜாடியில் பெயர் எழுதி ஒட்டு.

அத்தை


டிசம்பர் 1

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவர் பாடம் சொல்லிக்கொடுக்கிற காரை ஓரமாக நிறுத்திவிட்டு, கற்றுக்கொள்ள வந்தவரை இறங்கி டீ குடித்துவிட்டு வரச் சொன்னாராம். "அக்கா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அவரும் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் கேட்டதும், டீ குடிக்கப் போனவர் வந்துவிட்டார் என்று போனை வைத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள், அறை தயாராக இருக்கிறது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க டாக்டர் இப்போதே முன்வந்துவிட்டார், உப்புப் பழி அவர் தலையில் இருக்கிறதல்லவா.

விதியை எடுக்கப் போகிறீர்கள் என்பதால் தைரியமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஈரல் சூப் பிடிக்காது அத்தை. நீங்கள் நன்றாக வைத்த காலத்திலேயே பிடிக்காது. சின்ன வயசில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். அம்மாவைக் கேட்டேன், அவளுக்கும் பிடிக்காதாம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பிடிக்காதாம். மன்னித்துவிடுங்கள். நீங்கள் வைத்தால் இந்த வருஷமும் குடிப்பேன்.

வாயாடி


டிசம்பர் 12

வாயாடிக்கு, உன் அம்மாவுக்கு, இதைப் படிக்கிற எல்லோருக்கும் அன்பு. உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு அதைவிட.

ஞாயிற்றுக்கிழமை சின்னத் தாத்தாவைப் பார்க்கப் போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். அந்த விதியை எடுக்கப் போகிறேன் என்றேன். ரயிலில் டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஓய்வு பெற்றும் டிக்கெட் பரிசோதகர் புத்தி இன்னும் போகவில்லை. காரணத்தைச் சொன்னேன். என் மூக்கு, உங்கள் மௌனம், எல்லாம். துடைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு கேட்டார், "அப்ப இனிமே பேசலாமா?"

"பேசலாம் சித்தப்பா."

"எனக்கு அந்த ஈரல் சூப் சுத்தமா பிடிக்காதும்மா."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. அன்றைக்குப் பெரியப்பாவோடு வந்த சண்டை உப்பைப் பற்றியே இல்லையாம். இந்தச் சூப்பை இனி வைக்கவே வேண்டாம் என்று இவர் சொல்ல, என் அம்மா மனசு நோகும் என்று பெரியப்பா தடுக்க, அதில் வந்ததாம். என் அப்பாவுக்கும் பிடிக்காதாம். அம்மா ஆசையாக வைக்கிறாளே என்று குடித்தாராம். அம்மா எதற்கு வைத்தாள் தெரியுமா? அப்பா இரண்டு கிண்ணம் குடிக்கிறாரே என்று. அம்மா வாயால் என்னிடமே சொல்லியிருக்கிறாள்: "எனக்கு அந்த வாடையே ஆகாது, உங்கப்பாவுக்காகத்தான்."

வீட்டுக்கு வந்து என்னையே கேட்டுக்கொண்டேன். உனக்குப் பிடிக்குமா? ருசி இருந்த காலத்தில்? யோசிக்க வேண்டியதே இல்லை. எனக்கும் பிடிக்காது. மூன்று தலைமுறை, ஆளுக்கு இரண்டு கிண்ணம், ஒருவருக்கும் பிடிக்காத ஒரு சூப். எவ்வளவு மரியாதையான குடும்பம் பார்.

ஈரலுக்கு இத்தோடு விடை கொடுத்தாயிற்று. உன் தம்பியும் குடிக்கிற மாதிரி காளானும் சோளமும் போட்டு வைக்கிறேன். நான் ஒருநாளும் வைத்ததில்லை. ருசி தெரியாமல், வழக்கமும் இல்லாமல் ஒன்றைச் சமைக்கப் போகிறேன், பயம் கொஞ்சம்கூட இல்லை. நீ இருக்கிறாய். கூடவே மொறுமொறுவென்று வறுத்த ரொட்டித் துண்டுகள், அது எனக்காக.

இருபத்தெட்டாம் தேதி மத்தியான பஸ்ஸில் வருகிறேன்.

அத்தை


ஜனவரி 4

என் வாயாடிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். படி ஏறினேன், முழங்கால் முனகியது, நான் கண்டுகொள்ளவில்லை. நீங்கள் களைப்பு தீரத் தூங்கினீர்களா? மேசையின் அந்தக் காலை டாக்டரைச் சரிசெய்யச் சொல். சின்னத் தாத்தா கையை ஆட்டிப் பேசின வேகத்தில் சூப் சிந்திய இடத்தைத் துடைத்தாயா?

உன் வீட்டில் ஆள் நிறைந்திருந்ததால் சொல்லாமல் வந்தேன், இப்போது எழுதுகிறேன். நீ கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் உப்பு. போதும். இப்ப மிளகு" என்று சொல்லிக்கொண்டே போனாயே, இரண்டு வருஷமாக அடுப்பு முன்னால் உப்பை அள்ளிய கையோடு போடவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு அள்ளி அப்படியே போட்டேன். மேசையில் உன் அப்பா "மிளகு கொஞ்சம் தூக்கல்க்கா" என்று சொல்லிவிட்டு நான் என்ன செய்வேனோ என்று பார்த்தான். அவன் பிறந்ததிலிருந்து என் முகத்துக்கு நேராக என் சமையலைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உன் அம்மா சூப் நன்றாக இருக்கிறது என்றபோது அதை நம்பினேன். இத்தனை வருஷம் யாரும் நன்றாக இல்லை என்று சொல்லாததால், நன்றாக இருக்கிறது என்பதற்கும் அர்த்தம் இல்லாமல் இருந்தது. அடுத்த வருஷமும் உன் மேசைதான். அடுப்படி என்னுடையது. அதற்கு அடுத்த வருஷம் இங்கே, அதற்குள் என் கட்டடத்துக்கு லிஃப்ட் வாங்கித் தர முடியுமா பார்.

இன்னொன்று. நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று யாரிடமும் சொல்லாதது. ருசி போன பிறகு எனக்குப் பசியும் போயிற்று. சாப்பிட வேண்டிய நேரம் வந்தால் சாப்பிடுவேன், மாத்திரை போடுகிற மாதிரி. சில நாள் மறந்தும் போகும். உன் அம்மா சொன்னது சரி, மெலிந்துதான் விட்டேன்.

திரும்பி வரும்போது பஸ் பாதி வழியில் ஒரு சின்ன நிறுத்தத்தில் நின்றது. வயிற்றில் என்னவோ செய்தது. வலியா என்று கையை வைத்துப் பார்த்தேன். பிறகு புரிந்தது, பசி. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கண்டக்டர் "உங்க ஊர் இன்னும் வரலம்மா" என்று கூப்பிட்டார். பரவாயில்லை, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். எதிரில் ஒரு கடை. முட்டை வைத்த ரொட்டி ஒன்று வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. சூடாக இருந்தது. முழுசாகச் சாப்பிட்டேன். அடுத்த பஸ் வர நேரமாகும் என்றார்கள், அதனால் இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன்.

உன் அத்தை